கீரிமலைக்கு ஒரு ரயில் பிரயாணம்

பிரயாணம் என்றதும் எம்மில் பலருக்கு நினைவு வருவது இடம்பெயர்வுதான். தலையில் பொட்டலமும் இடுப்பில் பிள்ளையுமாய் நடந்த நடை. அதற்குப் பிறகு செய்த பிரயாணங்களும் முகாமுக்கு, தடுப்பிலிருந்தவரைப் பார்க்க, ஆஸ்பத்திரிக்கு, விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொல்ல என்றே இருந்தன. ஒரு இடத்தைப் பார்க்கவென்று, வேறு எந்தக் காரணமும் இல்லாமல், எப்போது ரயில் ஏறினோம்? எமது சிறுசேமிப்புக் குழுக் கூட்டத்தில் இந்தக் கேள்வி எழுந்தபோது பதில் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

அதனால்தான் 2025 ஆவணியில் மட்டக்களப்பிலிருந்து எட்டுப் பேர் கீரிமலைக்குப் புறப்பட்டோம். எட்டில் ஐந்து பேர் கணவரை இழந்தவர்கள். இரண்டு பேரின் கணவர்மார் காணாமலாக்கப்பட்டவர்கள். ஊர் சும்மா இருக்குமா? "என்னகா, தாலியறுத்தவங்களுக்கு ஊர்சுத்தக் கேக்குதோ?" என்று ஒரு பெரியம்மா வாசலிலேயே கேட்டார். எங்களில் மூத்தவர், "ஓம் பெரியம்மா, நீங்களும் வாங்களன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. கடன் வாங்கிக் கொண்டாட்டம் செய்யச் சொல்லவில்லை. சொந்த உழைப்பில் மாதாமாதம் போட்டு வைத்த காசில் இரண்டு நாள் வெளியே போய் வருவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பதே என் எண்ணம்.

மட்டக்களப்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி ரயில் கிடையாது. கொழும்பு போகும் ரயிலில் ஏறி, பொலன்னறுவை, கல்லோயா தாண்டி மாகோ சந்தியில் இறங்க வேண்டும். வடக்குப் பாதை அங்கிருந்துதான் பிரிகிறது. மாகோவில் காத்திருப்பு நீண்டது. மேடை வாங்கில் இருந்து கட்டிக் கொண்டுபோன சோற்றுப் பொதியைப் பிரித்தோம். எங்களில் இளையவளுக்கு அதுதான் முதல் ரயில் பிரயாணம். போகிற வருகிற ஒவ்வொரு ரயிலுக்கும் எழுந்து நின்றாள்.

அநுராதபுரம், வவுனியா தாண்டினால் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி. இந்தப் பெயர்களை நாங்கள் வானொலிச் செய்தியில்தான் கேட்டிருந்தோம். இப்போது அவை மஞ்சள் பலகையும் நாலைந்து ஆட்களும் நிற்கிற நிலையங்கள். காங்கேசன்துறை வரை பாதை 1905இல் பூர்த்தியானது. யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956இல். 1990 யூனுடன் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. பிறகு தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் எங்கே போயின என்று பதுங்கு குழியில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தியக் கடனுதவியுடன் பாதை மீண்டும் போடப்பட்டு, 2014 ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறை வரையும் ரயில் ஓடியது. இருபத்துநாலு வருடங்களுக்கு மேல்! ஒரு பெண் பிள்ளை பிறந்து, படித்து, கலியாணமும் முடித்துவிடக்கூடிய காலம்.

ஆனையிறவில் இரு பக்கமும் தண்ணீர் வந்தபோது பெட்டிக்குள் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். எங்களில் ஒருவரின் தம்பி அங்கேதான் போனவர். அவர் யன்னல் கம்பியைப் பிடித்தபடி இருந்தார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பளை வந்ததும் அவராகவே கச்சான் பையை எடுத்து எல்லோருக்கும் நீட்டினார்.

இரவு சுன்னாகத்தில் உறவினர் வீட்டில் தங்கி, விடிய மீண்டும் ரயில் ஏறி, கடைசி நிலையமான காங்கேசன்துறையில் இறங்கினோம். அங்கிருந்து கீரிமலைக்கு மேற்கே சில கிலோமீற்றர்தான்; ஓட்டோ கிடைக்கும். வழியில் கூரையில்லாத வீடுகளையும் புதிதாய்க் கட்டிய வீடுகளையும் மாறிமாறிப் பார்க்கலாம். வலிகாமம் வடக்கில் காணிகளில் ஒரு பகுதி விடப்பட்டாலும் இன்னொரு பகுதி இன்னும் இராணுவத்திடம் இருக்கிறது. 1990இல் விமானக் குண்டுவீச்சில் சேதமடைந்த நகுலேஸ்வரம் கோயில் திரும்ப எழுந்து நிற்கிறது.

கேணியைப் பார்த்தவுடன் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் உப்புக் கடல்; இந்தப் பக்கம் எப்படி நல்ல தண்ணீர்? யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. ஆனால் நிலத்துக்கு அடியில் முழுவதும் சுண்ணாம்புக்கல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை கல்லின் வெடிப்புகளுக்குள்ளும் பொந்துகளுக்குள்ளும் இறங்கித் தேங்குகிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது. ஆகவே அடியில் ஊடுருவி வந்த கடல்நீரின் மேல் அது மிதந்து நிற்கிறது, சோற்றுக்கஞ்சியின் மேல் ஆடை நிற்பதுபோல. அந்தத் தண்ணீர் கரையோரப் பள்ளங்களில் ஊற்றாய் வெளியே வருகிறது. அதுதான் கீரிமலை. குடாநாட்டில் கிணறுகளில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல்நீர் மேலே ஏறிவிடும் என்று சொல்வதும் இதனால்தான். வீட்டுத் தோட்டம் செய்கிற கரையோரச் சகோதரிகள் இதை மனதில் வைத்திருப்பது நல்லது.

ஐதீகம் வேறு விதமாகச் சொல்கிறது. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இங்கே நீராடி முகம் மாறப்பெற்றார். சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கடல் கடந்து வந்து, நீராடி, குதிரைமுகம் நீங்கினாள். மா என்றால் குதிரை, அந்த முகம் விட்ட ஊர் மாவிட்டபுரம் ஆயிற்று. கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். எனக்குப் பிடித்தது, ஊரார் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு அவள் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை என்பதுதான்.

கீரிமலை என்றால் பலருக்குப் பிதிர்க்கடன்தான். ஆடி அமாவாசையில் தகப்பனாருக்காக ஏராளமானோர் வந்து நீராடுவார்கள். அந்தியேட்டியும் இங்கே செய்வதுண்டு. எங்களுடன் வந்த இரண்டு பேருக்கும் இதுதான் சங்கடம். ஒருவர் ஓட்டோவிலேயே, "நான் தண்ணியில இறங்கமாட்டன். இறங்கினா அவர் இல்லை எண்டு ஒத்துக்கொண்டது மாதிரி" என்று சொல்லிவிட்டார். 2009இலிருந்து அவர் சுமப்பது இதைத்தான். திதி வைக்க நாளும் இல்லை, பொட்டை அழிக்க மனமும் இல்லை. மரணச் சான்றிதழ் எடு, நிவாரணம் கிடைக்கும் என்று சொன்னவர்களுக்கும் அவர் இதே பதிலைத்தான் சொன்னாராம்.

நாங்கள் வற்புறுத்தவில்லை. அங்கே நின்ற வயதான அம்மா ஒருவர்தான், "பிள்ளை, எல்லாரும் கடன் கழிக்கவே வருகினம்? நான் முழங்கால் நோவுக்கு முழுகிறன்" என்று சொல்லிச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் அக்கா பொட்டுடனேயே படியிறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்றார். எந்தச் சடங்கும் செய்யாமல் குளிக்கலாம். யாரும் காரணம் கேட்பதில்லை.

பெண்களுக்குத் தனிக் கேணி, சுற்றிச் சுவர் உண்டு. தண்ணீர் குளிர்மையாக இருக்கும். படிகளில் பாசி வழுக்கும். நீச்சல் தெரியாதவர்கள் படியை விட்டு விலக வேண்டாம். சவர்க்காரம் வேண்டாம்; ஊற்று எல்லோருக்கும் பொது. ஆறுதலாகக் குளிக்க விரும்பினால் ஆடி அமாவாசை நாளைத் தவிர்த்து, சாதாரண நாளில் காலையில் போங்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு இன்னும் சில விடயங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாட்டின் ரயில் பாதைகள் பல இடங்களில் சேதமடைந்தன. எனவே நேரங்களையும் மாகோ இணைப்பையும் நிலைய அதிபரிடம் நேரே கேட்ட பின்பே நாள் குறியுங்கள். ஆசனத்தை முன்கூட்டிப் பதிந்தால் இடுப்பு தப்பும். அடையாள அட்டையும் காசும் ஒரே பையில் வேண்டாம். முன்பின் தெரியாதவர் தரும் தின்பண்டத்தை வாங்காதீர்கள். பெட்டியில் எவனாவது உரசினால் வெட்கப்படாமல் சத்தம் போடுங்கள். பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இரண்டையும் கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள். தனியே போகப் பயமென்றால் நாலு பேராய்ப் போங்கள். எங்கள் குழு அடுத்ததாகத் திருகோணமலை கன்னியா வெந்நீரூற்றுக்கு மாதாமாதம் நூறு ரூபாய் போடத் தொடங்கியிருக்கிறது. வாசலில் கேள்வி கேட்ட பெரியம்மாவும் காசு தந்திருக்கிறார்.