குறி தவறும் துப்பாக்கி

இப்பகுதியில் வீட்டு மருத்துவம், பிள்ளைகளின் கல்வி, ஊரில் விட்டு வந்த நிலபுலங்களின் பத்திரம் முதலியவற்றைப் பற்றியே நாம் எழுதி வருவதை அன்பர்கள் அறிவர். இம்முறை துப்பாக்கியைப் பற்றி எழுதப் புகுந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணத்தைக் கூறிவிட்டால் வியப்பு நீங்கிவிடும்.

சென்ற திங்கள் மாட்டுப்பட்டிக்குச் சென்றிருந்தோம். மூணாற்றிலிருந்து 13 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் அது. அங்குள்ள அணையையும், 1963-இல் இந்திய-சுவிஸ் ஒத்துழைப்பில் தொடங்கிய கால்நடைப் பண்ணையையும் காணப் பயணிகள் வருகின்றனர். அவற்றைச் சுற்றிப் பச்சைப் பாய் விரித்தாற்போல் கிடக்கும் தேயிலைக் காட்டில் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருபவர்கள் நம்மவர்கள். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிற்கு அம்மலைப்பக்கம் பிறந்த வீடாகவோ புகுந்த வீடாகவோ இருக்கிறது.

நாம் தங்கிய லயத்தில் ஓர் அம்மையார் நம்மிடம் கேட்டார்: "அய்யா, சுட்ட பன்றி செத்து விழுந்தால் சரி. காயத்தோடு ஓடிக் கொழுந்துக் காட்டுக்குள் படுத்துக் கொண்டால், விடிந்ததும் அந்த நிரைக்குள் இறங்க வேண்டியவர்கள் நாங்கள்தானே?"

அவர் கேட்டது முந்தின வாரத்து நிகழ்ச்சியை எண்ணியே. நமக்கு வேண்டிய அன்பர் ஒருவர் அதே பக்கத்தில் உரிமம் பெற்ற ரைபிள் வைத்திருப்பவர். காட்டுப்பன்றிகள் கிழங்கையும் காய்கறியையும் உழுது தள்ளிவிடுவதால், ஊராட்சியின் அனுமதி பெற்று இரவில் காவல் இருந்து சுட்டார். குண்டு தோளில் படவேண்டியது பின்தொடையில் பட்டது. பன்றி தேயிலைக்குள் ஓடி மறைந்தது. மறுநாள் நண்பகலில் அதைக் கண்டுபிடிக்கும் வரையில் அந்தப் பகுதியில் ஒருவரும் கொழுந்து எடுக்கவில்லை. யாருக்கும் தீங்கு நேரவில்லை என்பது நற்பேறு. அன்பரோ மனம் உடைந்து போனார். துப்பாக்கியின்மேல் புதிதாக ஒரு ஸ்கோப் பொருத்தி, அது சொன்ன இடத்தில் குண்டு சேரும்படி செய்ய முயன்று முயன்று, ஆண்டுக்கு உரிமத்தில் கண்ட தோட்டாக்களில் பாதியை அவர் ஏற்கெனவே தீர்த்திருந்தார். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், என் கதையும் அதுதானோ?" என்றார். பார்த்ததில், அவர் கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்தது! அதை எவ்வாறு கண்டோம் என்பதை, இதே தொல்லையில் இருக்கும் பிறருக்கும் பயன்படுமாறு கூறுகிறோம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். ஒரு காலத்தில் இம்மலைகளில் வேட்டை என்பது தோட்டத்து வெள்ளையரின் பொழுதுபோக்கு. அவர்கள் தங்களுக்கென ஒரு வேட்டைச் சங்கமே அமைத்திருந்தனர். வரையாடு மேயும் இரவிகுளம் அவர்களுடைய வேட்டைக்களமாக இருந்து, 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் விருப்பம்போல் வேட்டையாட எவருக்கும் உரிமை இல்லை. பயிரழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி அளிக்கும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. எழுத்தாலான அந்த அனுமதி தம் ஊரில் அன்றைய தேதியில் செல்லுபடியாகுமா என்று கேட்டறியாமல் துப்பாக்கியைத் தொடலாகாது. சுட்ட விலங்கை விதிப்படி அப்புறப்படுத்த வேண்டுமேயன்றிக் கறிக்கு எடுக்கக்கூடாது. குறி சேர்த்துப் பார்ப்பதும் உரிமம் பெற்ற சுடுதளத்தில்தான். தோட்டத்து ஓரத்திலோ காட்டுக்குள்ளோ சுட்டுப் பார்ப்பது குற்றம், ஆபத்தும்கூட. ரைபிள் குண்டு கிலோமீட்டர்க் கணக்கில் செல்லவல்லது.

இனிச் செய்தி. ஸ்கோப் என்பது குழலின்மேல் அமர்த்திய சிறு தொலைநோக்கி. அதனுள் சிலுவைபோல் இரு கோடுகள் தெரியும். கோடுகள் வெட்டும் புள்ளியும், குறித்த தொலைவில் குண்டு சேரும் புள்ளியும் ஒன்றாகுமாறு திருத்துவதே குறி சேர்த்தல். மேலுள்ள குமிழ் உயரத்தையும், பக்கத்துக் குமிழ் இடம் வலத்தையும் மாற்றும்.

இதில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றே. ஒரு குண்டு சுடுவார்கள். அது வலப்பக்கம் விழுந்தால் குமிழை இடப்பக்கம் திருப்புவார்கள். அடுத்தது மேலே போனால் கீழே திருப்புவார்கள். இது குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்தாற்போன்ற வேலை. ஒரு குண்டு எதையும் மெய்ப்பிக்காது. எதையும் மாற்றாமல், ஒரே புள்ளியைக் குறிவைத்து, நிதானமாக மூன்று குண்டுகள் சுடவேண்டும். பின்பு தாளில் விழுந்த மூன்று துளைகளையும் பார்க்க வேண்டும்.

துளைகள் மூன்றும் நெருங்கி விழுந்து, ஆனால் குறியைவிட்டு விலகியிருந்தால், துப்பாக்கியும் ஸ்கோப்பும் நலமாக உள்ளன. குமிழைத் திருப்பினால் போதும். துளைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறியிருந்தால், குமிழை நாள் முழுதும் திருப்பினாலும் பயன் இல்லை. எங்கோ ஒன்று தளர்ந்திருக்கிறது, அல்லது சுடுபவரிடம் குறை இருக்கிறது. காய்ச்சலின் காரணம் அறியாமல் மருந்தை மாற்றிக்கொண்டே போகும் மருத்துவரை யாரும் மெச்சமாட்டார்கள் அல்லவா?

நம் அன்பரின் தாளில் துளைகள் ஒரு சாண் அகலத்திற்குச் சிதறிக் கிடந்தன. எனவே தோட்டாக்களை வெளியே எடுத்து, அறை வெறுமையாக இருப்பதை இருமுறை பார்த்துவிட்டு, திருகாணிகளைச் சோதித்தோம். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்கள் உறுதியாகவே இருந்தன. வளையங்களைக் கழற்றி, அவற்றின் கீழே துப்பாக்கியோடு பொருந்தும் அடித்தகட்டைப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அதன் முன் திருகாணி விரலால் சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. பொருத்திக் கொடுத்தவர் மேலே உள்ளதை முடுக்கிவிட்டுக் கீழே உள்ளதை மறந்திருக்கிறார். ஒவ்வொரு வெடியின் அதிர்ச்சியிலும் தகடு மயிரிழை அசைய, நூறு மீட்டரில் குண்டு சாண் கணக்கில் விலகிற்று. எண்ணெய்ப் பசை துடைத்து, அளவாக முடுக்கினோம். அளவுக்கு மீறி முடுக்கினால் மரை கெடும்; வளையம் ஸ்கோப்பின் குழாயை நசுக்கிவிடும். அளவுகாட்டும் முடுக்கியைப் பயன்படுத்துவது நன்று.

திருகாணிகள் எல்லாம் சரியாக இருந்தும் துளைகள் சிதறுமானால் இவற்றைப் பாருங்கள். துப்பாக்கியின் இரும்பை மரக்கட்டையோடு பிணைக்கும் திருகாணிகள் தளர்ந்துள்ளனவா? மழைக்காலத்து ஈரத்தில் மரம் உப்பிக் குழலின் ஒரு பக்கத்தைத் தள்ளுகிறதா? ஒரே வகைத் தோட்டாக்களையே சுடுகிறீர்களா? வகை மாறினால் குண்டு சேரும் இடமும் மாறும். குழல் சூடேறிவிட்டதா? மூன்று குண்டுக்கு ஒருமுறை ஆறவிடுங்கள். துப்பாக்கியைக் கல்லின்மேலோ பலகையின்மேலோ வைக்காமல் மணல் மூட்டையின்மேல், குழல் எதையும் தொடாமல், கட்டை மட்டும் படியுமாறு வையுங்கள்.

அடுத்தது சுடுபவர். வெடியோசைக்கும் தோள் இடிக்கும் அஞ்சி, விசையை அழுத்தும் கணத்திலேயே கண்ணை மூடித் தோளைக் குலுக்குவோர் பலர். அது அவர்களுக்கே தெரியாது. இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. சுடுதளத்தில் மற்றொருவர், உண்மைத் தோட்டாவுக்கு இடையில் வெற்றுப் பயிற்சித் தோட்டா ஒன்றைச் சொல்லாமல் வைத்துக் கொடுக்கட்டும். வெடிக்காத அந்த முறையில் குழல்முனை துள்ளுமானால் குறை கருவியில் இல்லை. கண்ணையும் ஸ்கோப்பின் நடுவே, விளிம்பில் கருநிழல் விழாதபடி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வையுங்கள். மிக நெருக்கி வைத்தால் பின்னோக்கி வரும் ஸ்கோப் புருவத்தைக் கிழித்துவிடும்.

துளைகள் நெருங்கி விழத் தொடங்கியதும் குமிழுக்கு வாருங்கள். மூன்று துளைகளின் நடுவிலிருந்து குறி வரையில் அளவுகோலால் அளக்க வேண்டும். பல ஸ்கோப்புகளில் குமிழின் ஒரு சொடுக்கு, 100 மீட்டரில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் மாற்றும். 25 மீட்டரிலோ அதில் கால்பங்கு, அதாவது 2 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. எனவே 9 சென்டிமீட்டர் விலகலைத் திருத்த 100 மீட்டரில் 13 சொடுக்கு போதும். 25 மீட்டரில் 50 வேண்டும். இதை அறியாமல் அருகில் நின்று 13 சொடுக்குத் திருப்பிவிட்டு, "ஸ்கோப் கேட்கவில்லை" என்று அதைப் பழிப்பவர் உண்டு. முதலில் 25 மீட்டரில் தாளுக்குள் கொண்டுவந்து, பின்பு சுடப்போகும் தொலைவில் முடிப்பதே தோட்டாச் சிக்கனம். குமிழ் கடைசிவரை திருகியும் குறி சேராவிடில் அடித்தகடு கோணலாக அமைந்துள்ளது என்று கொள்க, வலிந்து திருகாதீர்கள்.

ஸ்கோப்பே பழுதா என்று அறியவும் வழி உண்டு. ஒரே புள்ளியைக் குறிவைத்துக்கொண்டு, குமிழை 20 சொடுக்கு மேலே, 20 வலம், 20 கீழே, 20 இடம் என்று திருப்பி, ஒவ்வொரு திருப்பத்திற்கும் ஒரு குண்டு சுடுங்கள். துளைகள் சதுரமாக அமைந்து, கடைசித் துளை தொடங்கிய இடத்திலேயே விழுந்தால் ஸ்கோப் நல்லது. இல்லையேல் மாற்ற வேண்டியதே. கண்ணாடியின் உட்புறத்தில் மூடுபனிபோல் நீராவி படிந்தாலும் அதன் அடைப்பு விட்டுப்போயிற்று என்று பொருள். மாட்டுப்பட்டிக் குளிரில் அது விரைவில் தெரிந்துவிடும்.

மலைச்சரிவில் மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் குண்டு சற்று மேலே படும் என்பர். உண்மைதான். ஆனால் 50, 60 மீட்டரில் ரைபிளுக்கு அந்த வேறுபாடு கணக்கில் கொள்ளத்தக்கதன்று. அங்கே கணக்கில் கொள்ள வேண்டியது குறியின் பின்னால் என்ன இருக்கிறது என்பதே. பின்னால் மண்மேடு இருந்தால் சுடலாம். பாறை இருந்தால் குண்டு தெறிக்கும். வானம் தெரிந்தால் அதற்கப்பால் ஒரு லயம் இருக்கக்கூடும்.

நம் அன்பர் தகட்டை முடுக்கியபின் சுட்ட மூன்று துளைகளையும் ஒரு தீப்பெட்டியால் மறைக்க முடிந்தது. இன்னும் ஆறு தோட்டாக்களில் குறி சேர்ந்தது. அந்தத் தாளை அவர் மடித்து அம்மையாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அம்மையார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பகலில் சுட்டதுதானே, தம்பி? இரவில் தெளிவாகத் தெரியாவிட்டால் சுடாமல் இருந்துவிடு. பன்றி தின்ற கிழங்கு போகட்டும், அடுத்த போகத்தில் விளையும்" என்றார்.

நாம் இத்தனை நீளமாக எழுதியதில் விட்டுப்போனது அந்த ஒரு விதிதான். அதையும் இங்கே சேர்த்துவிட்டோம்.