கலர் கம்மி

போன ஜூலையில் ஒரு மதிய இடைவேளை. முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு எங்கள் துறை அறைக்கு வந்து நின்றாள். வேலூர் வெயிலுக்கு எல்லாப் பெண்களும் அப்படித்தான் பஸ் ஏறி வருவார்கள், அதனால் நான் ஒன்றும் நினைக்கவில்லை. துணியை விலக்கிய பிறகுதான் பார்த்தேன். இரண்டு கன்னமும் செக்கச் சிவந்து, தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் நூல் நூலாகத் தெரிந்தன. தாடையில் பூனைமுடி. நெற்றி முழுக்கப் பரு.

"க்ரீம நிறுத்தினா எரியுது மேடம். போட்டா அடங்குது. திரும்ப நிறுத்தினா முன்னவிட எரியுது."

கணியம்பாடியை ஒட்டிய ஒரு கிராமம் அவளுக்கு. அக்கா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த லைனில்தான் இந்த க்ரீம் கைமாறியது. ஒரு ட்யூபை இரண்டு பேர் பங்கு போட்டு வாங்கி, சம்பளத் தேதியில் கணக்குத் தீர்த்துக்கொள்வார்களாம். அக்காவின் ட்யூபில் பாதி தங்கைக்கு வந்தது. அன்போடுதான் வந்தது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நான், ஆசிரியர்கள் கேட்கும் அந்த அசட்டுக் கேள்வியைக் கேட்டேன். எதுக்கும்மா இதெல்லாம்?

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஃபர்ஸ்ட் இயர்ல துறை விழாவுக்குப் பன்னீர் தெளிக்க நின்னேன் மேடம். நீங்கதான் வந்து, நீ உள்ள போய் சேர் எல்லாம் பாத்துக்கோம்மான்னு சொன்னீங்க. அப்புறம் வேற பொண்ண நிக்க வெச்சீங்க."

எனக்கு அது நினைவில் இல்லை. ஆனால் பொய்யில்லை என்று தெரியும். பதினைந்து வருடமாக நான்தான் அந்த வரவேற்பு வரிசையைத் தேர்ந்தெடுத்து வருகிறேன். சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு, பன்னீர்ச் செம்பு, பட்டுப்பாவாடை. யாரும் எனக்கு விதி சொல்லித் தரவில்லை. "பளிச்சுனு இருக்கிற பிள்ளைங்களா" பொறுக்குவேன். பழைய விழாப் படங்களை எடுத்துப் பார்த்தேன். பதினைந்து வருடப் படத்திலும் வாசலில் நிற்கும் பெண்கள் ஒரே நிறம். நாற்காலி அடுக்கிய பெண்கள் படத்தில் இல்லை. பெண்ணியம் பற்றிக் கவிதை எழுதுகிற, மேடை ஏறுகிற ஒருத்தியின் கைவேலை இது. மற்றவர்களை நோக்கிக் கை நீட்டுவதற்கு முன்னால் இதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

நம் மொழியிலேயே தொடங்கலாம். "பொண்ணு நல்ல கலர்" என்றால் வெளுப்பு. "கலர் கம்மி" என்றால் கருப்பு. அழகுக் குறிப்புப் பக்கங்களில் ஐம்பது ஆண்டாக வரும் வாக்கியம்: தினமும் தடவி வந்தால் நிறம் கூடும். எது கூடும்? தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் செல்கள் எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. கருத்த உடம்பில் அவை அதிகமாக வேலை செய்கின்றன, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கின்றன. நிறம் நிறைந்திருக்கிற தோலுக்கு நிறம் குறைவு என்று பெயர். இருக்கிற நிறத்தை எடுத்துவிட்டால் நிறம் கூடிவிட்டது என்று பெயர். "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பார்கள். அந்த 'உம்' என்ன உம்மை என்று வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். என் காதில் அது இழிவு சிறப்பும்மையாகவே விழுகிறது. அந்த இலக்கணக் குறிப்புக்கு உரையாசிரியர்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டில் ஒரு சாதிப் பெயர் இருக்கிறது என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். நிறத்தைப் பற்றிப் பேசும்போது இங்கே யாரும் வெறும் நிறத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

நான் தோல் ஊரில் பிறந்தவள். என் அப்பா மேல்விஷாரத்தில் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். வாரம் ஒருமுறை கணியம்பாடிக்கு வருவார், அவருக்கு முன்னால் அந்த வாசனை வரும். பச்சைத்தோலை உப்புப் போக ஊறவைப்பது, சுண்ணாம்பில் போட்டு மயிர் கழற்றுவது, உட்புறச் சதையைச் சுரண்டுவது, அதன்பிறகு பட்டைத் தண்ணீரில் போடுவது. இதெல்லாம் எனக்கு அகர வரிசைக்கு முன்னாலேயே தெரியும். பதனிட்டதை வெளிச்சத்தில் விரித்துத் தரம் பிரிப்பவர் பார்ப்பாராம். உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, சூடு போட்ட தடம், ஒவ்வொன்றுக்கும் விலை இறங்கும். பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்னை "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாம்மா" என்று கூப்பிட்டபோது அப்பா தலை குனிந்துகொண்டார். அது என்ன வேலை என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் பட்டைத் தண்ணீர் ஆவாரம்பட்டையில் ஆனது. கடுக்காயும் சேரும். குரோம் உப்பு வந்து எல்லாவற்றையும் நீலமாக்குவதற்கு முன்னால் இந்தப் பக்கத்துத் தோலெல்லாம் ஆவாரம்பட்டையில்தான் பதமானது. அதே செடியின் பூவைக் காயவைத்துப் பொடி செய்து பயத்தமாவோடு கலந்து முகத்தில் பூசினால் நிறம் கூடும் என்பது அழகுக் குறிப்பு. பட்டை மாட்டுக்கு, பூ பெண்ணுக்கு. சுண்ணாம்பில் வெடித்துப் பிளந்த என் அப்பாவின் உள்ளங்கைக்கு எந்தப் பத்திரிகையும் ஒரு குறிப்பு எழுதியதில்லை. ஊர் அந்தக் கையைத் தொடவே தயங்கியது. அந்தக் கை பதனிட்ட தோலில் செய்த செருப்பைப் போட்டுக்கொண்டு மட்டும் நடந்தது.

"சங்க காலத்தில் அப்படியில்லையே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். உண்மைதான். மாந்தளிர் போன்ற மாமை நிறம்தான் அங்கே அழகு. தலைவியை மாயோள் என்கிறார்கள். தலைவன் பிரிந்தால் அவள் வெளிறிப்போகிறாள், பீர்க்கம்பூ நிறத்தில் பசலை படர்கிறது. அதாவது வெளுப்பது நோய். வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே, பசப்புறு பருவரல், எழுதி வைத்தார். அந்த நோயைத்தான் இன்று ட்யூபில் அடைத்து விற்கிறார்கள் என்று நானும் மேடைகளில் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்தோம்? 2007இல் 'சிவாஜி' படம் வந்தது. இரண்டு பெண்களுக்கு முகமெல்லாம் கரி பூசி, அங்கவை, சங்கவை என்று பெயர் வைத்து, அவர்களைப் பார்த்துத் தியேட்டர் முழுக்கச் சிரித்தது. பாரி மகளிர் பெயர். தமிழ்ப் பேராசிரியர்களும் சிரித்தோம். பறம்பு மலை போய், அப்பனும் போய், அந்தப் பெண்கள் பாடிய பாட்டை மறுநாள் வகுப்பில் மார்க்குக்காக நடத்தினோம்.

சந்தைக்கு வருகிறேன். ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது. ஆண்பிள்ளை இல்லையே என்று அப்பா புலம்ப, க்ரீம் பூசிய மகள் விமானப் பணிப்பெண்ணாகிச் சம்பாதித்துத் தரும் விளம்பரத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஜனநாயக மாதர் சங்கம் விடாமல் போராடிய பிறகு, 2003இல் அது நிறுத்தப்பட்டது. சென்னையிலிருந்து கவிதா இம்மானுவேல் 2009இல் கருப்பும் அழகே என்ற பிரச்சாரத்தைத் தொடங்கினார். 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு உலகமே கொதித்தபோது க்ரீமின் பெயர் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. வெள்ளை என்ற சொல் போய்ப் பொலிவு என்ற சொல் வந்தது. இந்த நாற்பத்தைந்து வருடத்தில் நம் தெருவில் எத்தனை பெண்கள் தட்டிக் கழிக்கப்பட்டார்கள் என்பதற்குப் பெயர் மாற்றத்தில் இடமில்லை.

ஆனால் என் மாணவியின் முகத்தைத் தின்றது அதுகூட இல்லை. அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த ட்யூப் மருந்து. படை, அரிப்பு போன்ற நோய்களுக்கு மருத்துவர் குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் எழுதித் தரும் ஸ்டீராய்டு. தோழிகளே, இந்த மூன்று பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மோமெட்டசோன். ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாயின் என்பவற்றோடு சேர்த்தும் வரும். பூசிய சில நாளில் முகம் வெளுக்கும், பரு அடங்கும், பக்கத்து வீட்டார் கேட்பார்கள். பிறகு தோல் மெலியும், சிவக்கும், முடி முளைக்கும். நிறுத்தினால் எரியும், அதனால் நிறுத்தவும் முடியாது. தோல் மருத்துவர்கள் பல ஆண்டு கத்திய பிறகு 2018இல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்றது. எந்த மெடிக்கலிலாவது உங்களிடம் சீட்டுக் கேட்டார்களா? பெயரே இல்லாத டப்பாக்களில் வரும் க்ரீம்களின் கதை இன்னும் மோசம். கேரளத்தில் மலப்புரம் பக்கம் சிறுநீரக நோயோடு வந்த இளைஞர்களை விசாரித்த மருத்துவர்கள், பலர் பாதரசம் கலந்த வெள்ளையாக்கும் க்ரீம் பூசியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். 2023இல் அது செய்தியானது.

பாலாறு எங்களுக்கு ஒரு சட்டம் வாங்கித் தந்திருக்கிறது. தோல் ஷாப் கழிவால் ஆறும் கிணறும் கெட்டதற்காக வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு கோட்பாடுகளை இந்த நாட்டின் சட்டம் என்று அறிவித்தது. கெடுத்தவரே ஈடு தர வேண்டும். கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துபவருக்கே. நடைமுறையில் ஆற்றுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பாலாற்று மணலிடம் கேட்க வேண்டும். ஆனாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பெண்ணின் முகத்துக்கு அதுகூட இல்லை. கெடுத்தவர் யார் என்றே கேட்பதில்லை. "நீ ஏம்மா போட்ட?" என்றுதான் கேட்கிறோம். நானும் அதைத்தான் கேட்டேன். ட்யூபுக்குக் காசு அவளுடையது, வைத்தியத்துக்கும் அவளுடையது, வெட்கமும் அவளுடையது.

இதைச் சொன்னதும் சில ஆண் நண்பர்கள் உற்சாகமாக வருவார்கள். அதானே, எதுக்கு இந்த மேக்கப், இயற்கை அழகே அழகு என்பார்கள். இவர்கள் நமக்குத் துணை இல்லை. உதட்டில் சிவப்புப் பூசி வந்த மாணவியை வகுப்பு வாசலில் நிறுத்தித் துடைக்கச் சொன்னவர்கள் இவர்கள்தான். எனக்கு மை பிடிக்கும். மருதாணி பிடிக்கும். நாற்பத்தாறு வயதில் ஊதா நிறத்தில் நகப்பூச்சு வாங்கினேன், மகள் கேலி செய்தாள். இதெல்லாம் உடம்பின் மேல் எழுதி அழித்துக்கொள்ளும் விளையாட்டு. நீ பிறந்ததே பிழை, திருத்திக்கொள் என்பது வேறு. அந்தத் திருத்தத்தைச் சொல்வது மருந்து ட்யூபாக இருந்தாலும் சரி, பாட்டியின் கஸ்தூரி மஞ்சளாக இருந்தாலும் சரி. 'கெமிக்கல் இல்லாதது' என்பதால் அவமானம் குறைந்துவிடாது. அரைக்க, ஊறவைக்க, கழுவ ஆகும் நேரமும் பெண்ணுடையதே.

அவள் அக்காவின் தோலுக்கு என்ன வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். தங்கை பதில் சொன்னாள். லைனை விட்டு அடிக்கடி எழுந்து பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் முகம் மாறும், அதனால் அக்கா தண்ணீரே குடிப்பதில்லையாம். பஸ் நிற்கும் இடத்தில் நிழல் இல்லையாம். ஒட்டும் சொலூஷன் நெடியில் மாலையில் தலைவலியாம். தூக்கம் ஐந்து மணி நேரம். தினமும் நிறையத் தண்ணீர் குடியுங்கள், எட்டு மணி நேரம் தூங்குங்கள், வெயிலைத் தவிருங்கள் என்று குறிப்பு எழுதும் கைகளே, இந்த மூன்றையும் அக்காவுக்கு எழுதாதீர்கள். கம்பெனி முதலாளிக்கு எழுதுங்கள்.

மாணவியைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும், மாதக் கணக்காகும் என்றார். ஆறு மாதமாகிறது. சிவப்பு குறைந்திருக்கிறது, ரத்தக் குழாய்கள் இன்னும் தெரிகின்றன. ஆய்வேட்டுக்குப் பசலையை எடுத்துக்கொள்கிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை துறை விழா. இந்த முறை வரவேற்பு வரிசைக்கு வருகைப் பதிவேட்டில் முதல் பத்துப் பெயர்களை அப்படியே எழுதி ஒட்டினேன். சக ஆசிரியை ஒருவர் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார். நல்லவர், எனக்குச் சோறு ஊட்டிய சிநேகிதி. "எல்லாம் சரிதான்க்கா. கலெக்டர் மேடம் வராங்க. போட்டோல எப்படி விழும்னு ஒரு தடவ யோசிச்சீங்களா?" என்றார். பட்டியலை அவர் கையிலிருந்து வாங்கி, திரும்பப் பலகையில் குத்தினேன். நாலாவது பெயர் அவளுடையது. வருவாளா என்று இன்னும் சொல்லவில்லை.