பழைய பேட்டரியும் புது பேட்டரியும் ஜோடி சேருமா?

டி.வி. ரிமோட்டில் ஒரு பழைய செல், ஒரு புது செல் போட்டு நாளை ஓட்டாத வீடு நம் ஊரில் இருக்காது. ஒயர்லெஸ் மவுஸுக்கும் இதே வைத்தியம்தான். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள் என்று அட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள். யார் படிக்கிறார்கள்? ரிமோட்டில் இதனால் பெரிய நஷ்டமில்லை. மிஞ்சிப்போனால் செல் கசிந்து ஸ்பிரிங் துருப்பிடிக்கும். ஆனால் இதே பழக்கத்தை ரேடியோ கன்ட்ரோல் விமானத்துக்கும், ட்ரோனுக்கும், வீட்டு இன்வெர்ட்டருக்கும் கொண்டு போகிறோமே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

எனக்குத் தொழில் சாஃப்ட்வேர். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாதிரி விமானம். மதுரையைச் சுற்றிக் கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாய்கள் இதற்குத் தோதான இடம். (அவனியாபுரம், பெருங்குடி பக்கம் மட்டும் போகாதீர்கள், அங்கே நிஜ விமானங்கள் இறங்குகின்றன.) அங்கே வரும் இன்ஜினீயரிங் மாணவர்களைப் பார்க்கிறேன். போட்டி நெருங்கிவிட்டால் ஆளுக்கொரு பேட்டரி கடன் வாங்கி வந்து இணைத்துவிடுகிறார்கள். கேட்டால், "ரெண்டுமே பதினொண்ணு புள்ளி ஒண்ணு வோல்ட்தாண்ணே, சேர்த்தா என்ன?" என்கிறார்கள்.

என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இந்த விமானங்களில் இருப்பது லித்தியம் பாலிமர் பேட்டரி, சுருக்கமாக லிப்போ. ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட். முழு சார்ஜில் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் செல் கெட்டுப்போகத் தொடங்கும். மூன்று செல்களை வரிசையாக இணைத்ததுதான் மாணவர்கள் சொல்லும் 11.1 வோல்ட் பேக். இப்போது 2200 எம்.ஏ.ஹெச். பேக் ஒன்றையும் 1500 எம்.ஏ.ஹெச். பேக் ஒன்றையும் சீரியஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இணைக்கிறீர்கள். மோட்டார் 20 ஆம்பியர் இழுக்கிறது. சீரியஸில் இரண்டு பேக்கிலும் ஒரே அளவு மின்னோட்டம்தான் ஓடும். சின்ன பேக் நாலரை நிமிடத்தில் காலி. பெரியதில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு மீதி இருக்கும். அது சும்மா இருக்காது. காலியான பேக் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தடுத்துவிடாதா என்று கேட்பீர்கள். அது பார்ப்பது மொத்த வோல்ட்டை மட்டும். செல்லுக்கு 3.2 என்று ஆறு செல்லுக்கு 19.2 வோல்ட்டில் நிறுத்தச் சொல்லியிருக்கிறோம். பெரிய பேக் 11.1 வோல்ட்டில் தெம்பாக நிற்கும்போது, சின்னது 8.1 வோல்ட் வரை விழுந்தால்தான் கூட்டுத்தொகை 19.2 ஆகும். அப்படியென்றால் சின்ன பேக்கில் செல்லுக்கு 2.7 வோல்ட். எச்சரிக்கை வருவதற்குள் அதன் கதை முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் மின்னழுத்தம் சட்டென்று சரிந்து ரிசீவருக்குப் போகும் சப்ளையும் நின்றால், கம்ப்யூட்டர் கரன்ட் குறைந்து ரீஸ்டார்ட் ஆகுமே, அதே கதைதான். மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் மறுபடி எழுந்துகொள்ளும். விமானம் அதற்குள் தரைக்கு வந்துவிடும்.

பேரலலில், அதாவது பக்கத்தில் பக்கத்தில், இணைப்பது வேறு வகை ஆபத்து. முழு சார்ஜில் 12.6 வோல்ட் இருக்கும் பேக்கையும் 11.4 வோல்ட் பேக்கையும் சேர்க்கிறீர்கள். வித்தியாசம் வெறும் 1.2 வோல்ட்தானே? இரண்டின் உள்தடையும் ஒயர்களின் தடையும் சேர்ந்து 0.04 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.2-ஐ 0.04-ஆல் வகுத்தால் 30 ஆம்பியர். நாம் சார்ஜரில் 2.2 ஆம்பியரில் பக்குவமாக ஏற்றும் பேக்குக்குள், ஒயரைச் சொருகிய அந்த நொடியில் 30 ஆம்பியர் பாய்கிறது.

உங்கள் லேப்டாப் பேட்டரியும் பழைய மாடல்கள் பலவற்றில் இதே 11.1 வோல்ட்தான், ஆறு உருளை செல்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஆனால் அதற்குள் ஒரு சின்ன சர்க்யூட் உட்கார்ந்து செல்களைக் காவல் காக்கிறது. விமான பேக்கில் பொதுவாக அந்தக் காவல்காரன் கிடையாது. அந்த வேலையை நீங்கள்தான் பார்க்க வேண்டும். லேப்டாப் பேட்டரியைப் பிரித்து, செத்த இரண்டு செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மாதிரி விமானம் விழுந்தால் தெர்மாகோல் நொறுங்கும், அவ்வளவுதானே என்று சிலர் நினைக்கலாம். இப்போது வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் வந்துவிட்டன. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் நமோ ட்ரோன் தீதி திட்டத்துக்கு 2023-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 10 லிட்டர் டேங்க் கொண்ட தெளிப்பு ட்ரோன்கள் பலவற்றில் 22.2 வோல்ட் பேக்குகள் இரண்டு சீரியஸில் இருக்கும். மருந்தும் பேட்டரியும் சேர்த்து 25 கிலோ வரை வரும் எந்திரம் அது. மேலூர் பக்கம் நெல் வயலில் ஆட்கள் நிற்கும்போது அதன் ஒரு பேக் பழையதாக இருந்தால் என்ன ஆகும்? ஒரு பேக் கெட்டதும் அதை மட்டும் மாற்றச் சொல்லும் விற்பனையாளர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்த பேக்குகளை ஜோடியாகத்தான் விற்க வேண்டும், ஜோடிக்கு ஒரே எண் ஒட்டித் தர வேண்டும் என்பது என் கட்சி.

ட்ரோன் இல்லாதவர்களும் தப்பவில்லை. 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரன்ட் போன காலத்தில் மதுரையில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. அதில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு இருந்தால் கவனியுங்கள். பழையதில் ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது என்று வையுங்கள். சார்ஜர் தரும் 27.6 வோல்ட் இப்போது பதினொரு செல்லுக்குப் பங்காகிறது. புது பேட்டரிக்கு 13.8-க்குப் பதில் சுமார் 15 வோல்ட். தண்ணீர் சீக்கிரம் வற்றும், வாயு வெளியேறும், புதியதும் வீணாகும். ஒரு பேட்டரி காசை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டுக்கும் தண்டம்.

அனுபவசாலிகள் வெவ்வேறு கொள்ளளவு பேக்குகளைப் பேரலலில் போட்டுப் பறக்கவிடுகிறார்களே என்பீர்கள். உண்மைதான். ஒரே எண்ணிக்கை செல், ஒரே ரகம், இணைக்கும்போது ஒரே வோல்ட் என்றால் அது நடக்கும். அவர்கள் ஒவ்வொரு செல்லையும் அளந்துவிட்டுச் செய்கிறார்கள். புதிதாக வருபவருக்கு அந்தப் பரீட்சை எதற்கு?

இரண்டு பேக் வேண்டுமென்றால் ஒரே கம்பெனி, ஒரே கொள்ளளவு, ஒரே நாளில் வாங்குங்கள். மார்க்கரால் 1அ, 1ஆ என்று எழுதி, வாங்கிய மாதத்தையும் குறியுங்கள். சேர்ந்தே சார்ஜ் ஏற்றுங்கள், சேர்ந்தே பறக்கவிடுங்கள். பேக்கின் சின்ன வெள்ளை கனெக்டரில் மாட்டும் செல் செக்கர் சில நூறு ரூபாய்தான்; பறக்கும் முன் ஒவ்வொரு செல்லையும் பாருங்கள். உப்பிய பேக்கை ஊசியால் குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். அதைக் குப்பைத் தொட்டியிலும் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். அதன் ஜோடி நல்ல நிலையில் இருந்தால், அது தனியாகவே ஒரு சின்ன விமானத்தை ஓட்டும்.