பொருத்தும் பணி கடலில்தான் முடிகிறது

யாழ்ப்பாணத் தீவகத்தில் வெளியிணைப்பு இயந்திரங்களைப் பழுதுபார்ப்போர் அடிக்கடி செய்ய நேரும் பணிகளுள், புரொப்பெல்லர் எனப்படும் உந்துவிசிறியை மாற்றுவதும் ஒன்றாகும். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி நட்டை இறுக்கியதும் அப்பணி முடிந்துவிட்டதாகக் கருதுவது எளிது. ஆயினும், படகு தன் வழக்கமான சுமையுடன் கடலுக்குச் சென்று, முழு வேகத்தில் இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று அளந்து பார்க்கும் வரை அப்பணி நிறைவுறுவதில்லை என்பதை இவ்விதழ் வலியுறுத்த விரும்புகிறது.

விசிறியை அடிக்கடி மாற்ற நேர்வதற்குத் தீவகக் கடலின் இயல்பே முதற்காரணமாகும். ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு வரை பரந்துள்ள நீர்ப்பரப்பு ஆழம் குறைந்தது. கரையை அண்டிய இடங்களில் முருகைக்கற்பார்களும் மணல்திட்டுகளும் அடர்ந்த கடற்புல்லும் உள்ளன. இழுவைப்படகுகளால் அறுபட்ட வலைத்துண்டுகளும் கைவிடப்பட்ட தங்கூசி நூல்களும் இந்நீரில் மிதந்து திரிகின்றன. சோளகக் காற்று வலுக்கும் மாதங்களில், அலையில் படகின் பின்புறம் எழும்போது விசிறி நீரைவிட்டு வெளியேறிச் சுமையின்றி விரைந்து சுழன்று, மறுகணமே நீரில் மோதுவதால், அதன் அதிர்ச்சி தண்டையும் பற்சக்கரங்களையும் தாக்குகிறது.

விசிறியின் மீது பொறிக்கப்பட்டிருக்கும் இரண்டு எண்களுள் முதலாவது விட்டத்தையும், இரண்டாவது பிட்ச் எனப்படும் முன்னேற்ற அளவையும் பொதுவாக அங்குலத்திற் குறிக்கும். விசிறி சிறிதும் நழுவாமல் நீரைத் துளைத்துச் சென்றால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதே பிட்ச் ஆகும். இயந்திரம் நிமிடத்துக்கு 5000 சுற்றுச் சுற்றி, பற்சக்கரப் பெட்டி அதனைப் பாதியாகக் குறைத்து, விசிறியின் பிட்ச் 10 அங்குலமாக இருப்பின், படகு மணிக்கு ஏறத்தாழ 20 கடல் மைல் செல்ல வேண்டும். அது உண்மையில் 16 கடல் மைலே செல்லுமாயின், எஞ்சிய ஐந்திலொரு பங்கு நழுவலாகும். ஓரளவு நழுவல் இயல்பானதே. அதே படகில், அதே சுமையில் அது திடீரெனக் கூடினால், விசிறியின் இதழ் வளைந்திருப்பதையோ இயந்திரம் தவறான உயரத்தில் மாட்டப்பட்டிருப்பதையோ விசிறியின் நடுவிலுள்ள இறப்பர்க் குடம் நழுவுவதையோ சந்தேகித்துச் சோதிக்க வேண்டும். கையடக்க ஜிபிஎஸ் கருவியும் சுற்றளக்கும் கருவியும் இருந்தால் இக்கணக்கை எந்தத் துறையிலும் செய்து பார்க்கலாம்.

பிட்ச் மிகையானால் இயந்திரம் உற்பத்தியாளர் குறித்த சுற்றெல்லையை எட்டாது திணறி, கரி படிந்து தேய்கிறது. மிகக் குறைந்தாலோ அது எல்லையைக் கடந்து ஓடித் தன் உறுப்புகளைச் சிதைத்துக்கொள்கிறது. பிட்ச்சில் ஓர் அங்குல மாற்றம் பொதுவாக 150 முதல் 200 சுற்றுகள் வரை வேறுபாட்டை உண்டாக்கும். எனவே குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு அடியார்களை ஏற்றிச் செல்லும் படகுக்கும், இருவரும் வலையும் மட்டுமே செல்லும் கண்ணாடியிழைப் படகுக்கும், இயந்திரத்தின் குதிரைவலு ஒன்றேயாயினும் விசிறி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பொருத்தும் முறையில் ஒவ்வொரு படியும் அடுத்த படியைக் காக்கிறது. முதலில் கியரை நடுநிலையில் வைத்து, நிறுத்துசாவியை அகற்றி, ஸ்பார்க் பிளக்கின் இணைப்பையும் கழற்ற வேண்டும். கையால் விசிறியைத் திருப்பும்போது இயந்திரம் உயிர்பெற்று விரல்களைச் சிதைக்கும் ஆபத்து அப்போதுதான் நீங்குகிறது. பின்னர் விசிறிக்கு மேலுள்ள கிடைத்தகட்டுக்கும் இதழுக்கும் இடையே மரக்கட்டையை வைத்து நட்டைக் கழற்றி, வொஷர்கள் இருந்த வரிசையையும் முகத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். தண்டைச் சுற்றிய தங்கூசி நூல் உள்ளிருக்கும் நீர்த்தடுப்பு வளையத்தை அறுத்துவிடுமாதலால், அதனை முற்றாக அகற்றி, கியர் எண்ணெய் பால்போல் வெளுத்துள்ளதா என்றும் பார்ப்பது இன்றியமையாதது. வெளுத்திருந்தால் நீர் உட்புகுந்துவிட்டது என்பது பொருள். தண்டின் பற்கோடுகளைத் துடைத்துக் கடல்நீரைத் தாங்கும் கிறீஸைப் பூசினால்தான் அடுத்த முறை விசிறி சம்மட்டியின்றிக் கழலும். கையேட்டில் உள்ள முறுக்குவிசைக்கு நட்டை இறுக்கிய பிறகும், நட்டைக் கழலாமற் பிடிக்கும் கொட்டர் பின்னுக்குரிய துளை நேர்ப்படாவிடில், நட்டைத் தளர்த்தாது மேலும் சற்று இறுக்கியே நேர்ப்படுத்த வேண்டும். ஒருமுறை வளைத்த பின்னை மீண்டும் பயன்படுத்தலாகாது.

சிறிய இயந்திரங்கள் சிலவற்றில் விசிறியைத் தண்டுடன் பிணைக்கும் சியர் பின், பாறையில் மோதும்போது தானே முறிந்து பற்சக்கரங்களைக் காப்பதற்கென்றே மென்மையான உலோகத்தாற் செய்யப்படுகிறது. அதற்குப் பதிலாக இரும்பு ஆணியைச் செருகும் பழக்கம், எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்டிருந்த போர்க்காலத்தில் பிழைப்புக்கான வழியாக இருந்திருக்கலாம். கிடைத்ததைக் கொண்டு இயந்திரத்தை ஓடவைத்த அக்காலத் தொழில்நுட்பரின் திறன் மதிப்புக்குரியது. ஆனால், பாகங்கள் கடையிற் கிடைக்கும் இந்நாளிலும் அதே ஆணியைச் செருகுவது, சிறு பின்னின் விலையை மிச்சப்படுத்தி முழுப் பற்சக்கரப் பெட்டியையும் பலியிடுவதாகும். இதே நோக்கில், பார்கள் நிறைந்த இக்கடலுக்கு, துருப்பிடிக்காத உருக்கைவிட, மோதலில் தான் வளைந்து அதிர்ச்சியை உள்வாங்கும் அலுமினிய விசிறி பெரும்பாலும் பாதுகாப்பானது.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஒவ்வொரு படகுக்கும் ஓர் அட்டையைப் பேணி, அதில் விசிறியின் விட்டம், பிட்ச், ஏற்றிய சுமை, முழு வேகச் சுற்றுகள், மாற்றிய நாள் ஆகியவற்றைப் பதிவதும், உதிரி விசிறி, நட்டு, வொஷர், கொட்டர் பின்கள், அவற்றுக்கேற்ற சாவி ஆகியவை படகிலேயே இருப்பதை உறுதிசெய்வதும் பெருஞ்செலவின்றி இயலக்கூடியவை. இலங்கை சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையம் போன்ற பயிற்சி நிறுவனங்கள் கடலிற் செய்யும் சுமைச்சோதனையைச் செய்முறைப் பாடமாக்கினால், இளம் தொழில்நுட்பர் அதனைத் தம் கடமையின் பகுதியாகவே பழகுவர். நெடுந்தீவுக்கான ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தின் நடுவில் விசிறி கழன்றால், ஒரு நோயாளியோ பரீட்சைக்குச் செல்லும் மாணவரோ காற்றின் போக்கில் விடப்படுவர். ஆதலால் சுற்றுகளை அளந்து அட்டையிற் பதியாமல் எந்தப் படகையும் உரியவரிடம் ஒப்படைப்பதில்லை என்ற நெறியை இத்துறையினர் தமக்குத் தாமே விதித்துக்கொள்வது அவசியமாகும்.