பாதிக்கு மேல் ஒரு வாக்கு

40 மாணவர் பயிலும் ஒரு வகுப்பில், தலைவர் பதவிக்கு மூவர் போட்டியிடுவதாகக் கொள்வோம். வாக்குகள் 16, 13, 11 எனப் பிரிகின்றன. 16 வாக்குப் பெற்றவரே வென்றார் என அறிவிப்பது ஒரு முறை. நம் மக்களவைத் தேர்தல் இம்முறையில்தான் நடைபெறுகிறது. ஆனால், எஞ்சிய 24 பேர் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் மறத்தல் ஆகாது.

இக்குறையைப் போக்க எழுந்ததே இரண்டாம் சுற்றுத் தேர்தல். முதல் சுற்றில் எவரும் பாதிக்கு மேல் வாக்குப் பெறாவிடில், முதலிரு இடங்களைப் பெற்றவர் மட்டும் மீண்டும் மோதுவர். 11 வாக்குப் பெற்றவர் விலகியபின், அவருடைய ஆதரவாளருள் 9 பேர் இரண்டாமவர் பக்கம் சாய்ந்தால், முடிவு 22-க்கு 18 என மாறிவிடும். முதற்சுற்றில் முந்தியவர் தோற்பார்.

பிரான்சு நாட்டின் குடியரசுத் தலைவர் இவ்வாறே தேர்ந்தெடுக்கப்படுகிறார். அங்கு 2002ஆம் ஆண்டு 16 பேர் போட்டியிட்டனர். முதல் சுற்றில் ஜாக் சிராக் ஏறத்தாழ 19.9 விழுக்காடும், லெ பென் 16.9 விழுக்காடும், பிரதமராக இருந்த ஜோஸ்பன் 16.2 விழுக்காடும் பெற்றனர். இடதுசாரி வாக்குகள் பலரிடையே சிதறியதால், இரண்டு இலட்சத்திற்கும் குறைவான வாக்குகளில் ஜோஸ்பன் வாய்ப்பிழந்தார். இரண்டு வாரங்களுக்குப் பின் நடந்த இரண்டாம் சுற்றில் சிராக் 82 விழுக்காட்டிற்கு மேல் பெற்று வென்றார். வாக்களித்த அனைவரும் அவரை விரும்பியவர் அல்லர். லெ பென் வரலாகாது என எண்ணியவரும் அவருள் பலர்.

மீண்டும் ஒரு தேர்தல் நடத்தினால் பொருளும் காலமும் வீணாகும் என்பர் சிலர். அதற்கு விடை நம் நாட்டிலேயே உண்டு. நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்காளர் தம் விருப்பங்களை 1, 2, 3 என வரிசைப்படுத்துகின்றனர். 1969ஆம் ஆண்டுத் தேர்தலில் வெற்றிக்குத் தேவையான வாக்கு மதிப்பு 4,18,169. வி.வி.கிரி முதல் விருப்பமாகப் பெற்றதோ 4,01,515. குறைந்த வாக்குப் பெற்றோர் ஒவ்வொருவராக நீக்கப்பட்டு, அவ்வாக்குகள் அடுத்த விருப்பத்தின்படி மாற்றப்பட்டன. முடிவில் 4,20,077 பெற்றுக் கிரி வென்றார். ஒரே வாக்குச்சீட்டு இரு சுற்றுகளின் பணியையும் செய்தது.

தமக்கு வாக்களியாதவர்க்கும் சேர்த்தே தலைவர் ஆள்கிறார். ஆதலால், பாதிக்கு மேற்பட்டோரின் இசைவைப் பெற்று அவர் பதவி ஏற்பதே முறை. எனினும், இரண்டாம் சுற்று எல்லாக் குறையையும் தீர்த்துவிடாது. இறுதிப் போட்டிக்கு வரும் இருவர் யார் என்பதை முதல் சுற்றே தீர்மானிக்கிறது. ‘அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அன்று வீட்டிலிருப்பவர், தாம் விரும்பியவரின் பெயரை அடுத்த வாக்குச்சீட்டில் காணாமலும் போகலாம்.