சிறு படமும் பெருஞ் சுவரும்

மறைந்த மூத்தோரின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு, மாலை சூட்டி வைத்திருப்பது நம்மவர் இல்லங்களில் நெடுங்கால வழக்கம். முன்னாளில் இதற்கு அதிக சிரமம் இருந்ததில்லை. ஊர்ப் படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்த படத்தின் பிலிம் அங்கேயே பத்திரமாய் இருக்கும். வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கித் தருவார்கள். இன்றோ நிலைமை வேறு. அப்பு சிரித்த முகத்தோடு இருக்கும் ஒரே படம் பேரனின் பழைய கைத்தொலைபேசியில் எடுத்ததாய் இருக்கும். அது வட்ஸ்அப் வழியே கனடாவுக்குப் போய், லண்டனுக்குப் போய், மறுபடியும் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கும். முப்பத்தோராம் நாளுக்கு முன் அதைப் பெரிதாக்க வேண்டும் என்று கொண்டுபோனால், “இது பெரிசாக்கினால் உடையும்” என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் உடைவது எது? அதைத் தடுக்க வழியுண்டா? இவ்வாரம் இதனைச் சற்று ஆராய்வோம்.

சதுரக் கட்டமுள்ள துணியில் குறுக்குத்தையல் போட்டுப் பூவேலை செய்வதை நம் சகோதரிகள் நன்கு அறிவர். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம். எல்லாம் சேர்ந்தால் ஒரு ரோஜா. டிஜிற்றல் படமும் இவ்வாறானதே. அதன் கட்டம் ஒவ்வொன்றுக்கும் பிக்சல் என்று பெயர். 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய தர நிர்ணயப் பணியகத்தில் ரசல் கேர்ஷ் என்பவர் முதன்முதலாக ஒரு புகைப்படத்தைக் கணினிக்குள் ஏற்றினார். அது அவருடைய மூன்று மாதக் குழந்தையின் படம். அகலத்தில் 176, உயரத்தில் 176 பிக்சல்கள். ஆக 30,976 கட்டங்கள். டிஜிற்றல் படத்தின் வரலாறே ஒரு குடும்பப் படத்தோடு தொடங்கியது என்பது நாம் மகிழத்தக்க செய்தியன்றோ!

துணியை இழுத்துப் பெரிதாக்கினால் தையல் கூடாது, கட்டங்கள்தாம் பெரிதாகும். படத்துக்கும் இதே கதிதான். 2002ஆம் ஆண்டில் வந்த நோக்கியா 7650 என்னும் கைத்தொலைபேசியின் கமரா 640க்கு 480 பிக்சல் கொண்ட படத்தையே எடுத்தது. கையில் வைத்துப் பார்க்கும் நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 பிக்சல் வேண்டும் என்பர் அச்சுத் தொழிலாளர். அக்கணக்கின்படி இப்படத்தின் அகலம் இரண்டு அங்குலத்தைச் சிறிதே தாண்டும். அடையாள அட்டைக்குப் போதும், சுவருக்குப் போதாது.

ஆயின் இந்த 300 என்னும் எண் வேதவாக்கு அன்று. அது ஏறக்குறைய ஓரடி தூரத்தில் வைத்துப் பார்ப்பதற்கான கணக்கு. நல்ல பார்வையுள்ள கண்ணால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவான நுணுக்கத்தையே பிரித்தறிய முடியும். இதிலிருந்து கிடைக்கும் எளிய விதியை மாணவர்கள் தம் கொப்பியிற் குறித்துக்கொள்ளலாம். பார்க்கும் தூரத்தை அங்குலத்தில் எடுத்து, 3,400ஐ அதனால் வகுத்தால், ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் தேவை என்பது தெரியும். மூன்றடிக்கு, அதாவது 36 அங்குலத்துக்கு, 94 போதும். ஆறடிக்கு 47 போதும். மேலே சொன்ன 640 பிக்சற் படத்தை 16 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 40 பிக்சல் வரும். ஏழடி தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணுக்குக் கட்டங்கள் தெரியா. எட்டங்குல அகலமாயின் மூன்றரை அடியே போதும். எனவே படத்தின் அளவைத் தீர்மானிக்குமுன் அதை எங்கே மாட்டுவோம், யார் எங்கிருந்து பார்ப்பார் என்பதைத் தீர்மானித்தல் வேண்டும்.

தூரத்தின் இம்மகிமையை விளக்க ஓர் உதாரணம் உண்டு. 1973ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன் என்னும் ஆய்வாளர் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சதுரங்களாக மட்டும் ஆக்கி வெளியிட்டார். அருகிற் பார்த்தால் வெறுஞ் சாம்பற் கட்டங்கள். தள்ளி நின்றாலோ, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ லிங்கன்! சல்வடோர் டாலி என்னும் ஸ்பானிய ஓவியர் இதனால் ஈர்க்கப்பட்டு 1976இல் ஒரு பேரோவியம் தீட்டினார். கிட்ட நின்றால் கடலை நோக்கி நிற்கும் அவர் மனைவி தெரிவார். இருபது மீற்றர் தள்ளிப் போனால் லிங்கன் தெரிவார். முகத்தை அறிவதற்கு நுணுக்கம் அதிகம் தேவையில்லை என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

இனி, கணினியால் ஆகக்கூடியது யாது? படத்தைப் பெரிதாக்கும்போது இடையே புதிய கட்டங்கள் தோன்றுகின்றன. அவற்றுக்கு என்ன நிறம் கொடுப்பது? அயலிலுள்ள ஒரு கட்டத்தின் நிறத்தையே கொடுத்தால் படம் படிக்கட்டுப் போலாகும். சுற்றியுள்ள பதினாறு கட்டங்களையும் நோக்கி நடுத்தரமாக ஒரு நிறத்தைக் கணித்தால் விளிம்புகள் மென்மையாகும். பிந்திய இம்முறையே படம் திருத்தும் மென்பொருள்களிற் பெரிதும் வழங்குகிறது. ஆயினும் இது கட்டங்களின் கூர்மையை மறைக்குமேயன்றி, கமரா காணாத கண்ணிமை மயிரைக் கொண்டுவந்து தராது.

செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய வித்தையோ அதையும் தருவேன் என்கிறது. ஆயிரமாயிரம் முகங்களைப் பயின்று வைத்துக்கொண்டு, “இத்தகைய கண்ணுக்கு இத்தகைய இமைதான் இருக்கும்” என்று ஊகித்து வரைகிறது. மரம், கட்டடம், சேலைக் கரை ஆகியவற்றுக்கு இது நன்று. முகத்துக்கு எச்சரிக்கை வேண்டும். 2020ஆம் ஆண்டில் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய இத்தகையதொரு கருவியிடம் பராக் ஒபாமாவின் மங்கலான சிறுபடத்தைக் கொடுத்தபோது, அது தெளிவான ஒரு வெள்ளையரின் முகத்தை வரைந்து தந்தது. உலகம் அறிந்த முகத்துக்கே இக்கதியென்றால், நம் ஊர்க் கிழவியின் முகத்துக்கு யார் பிணை? சுருக்கம் நீங்கி, மூக்குத் திருந்தி, பல் வரிசையாகி வரும் முகம் அழகாய் இருக்கலாம். ஆனால் அது நம் ஆச்சி அல்லள். பெற்றவளின் முகம் மனத்தில் மெல்ல மங்கிவரும் நாளில், சுவரிலுள்ள படந்தான் நினைவுக்குச் சாட்சி. சாட்சி பொய் சொல்லலாகாது.

ஆகவே நேயர்களுக்கு நாம் சொல்லும் யோசனைகள் இவை. முதலாவதாக, மூலப் படத்தைத் தேடுங்கள். வட்ஸ்அப்பில் வழமைபோல் அனுப்பும் படம் சுருக்கப்பட்டே செல்கிறது. எடுத்தவரிடம் கேட்டு, ஆவணமாகவோ மின்னஞ்சல் இணைப்பாகவோ பெற்றால் பிக்சல் குறையாது. இரண்டாவதாக, படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்திச் சேமிக்காதீர்கள். ஜேபெக் என்னும் முறை படத்தை எட்டுக்கு எட்டான சிறு பாத்திகளாகப் பிரித்துச் சுருக்குவது. திருத்திச் சேமிக்குந்தோறும் அப்பாத்திகளின் வரம்பு வெளிப்படலாம். மூன்றாவதாக, முதலில் மாசு நீக்கி, பின்பு பெரிதாக்கி, இறுதியிலேயே கூர்மையாக்கச் சொல்லுங்கள். நான்காவதாக, பளபளப்பான தாளைவிட மங்கிய தாளோ கித்தான் துணியோ குறைகளை மறைக்கும். ஐந்தாவதாக, முழுப் படத்தையும் அச்சிடுமுன் முகமுள்ள பகுதியை மட்டும் அதே அளவில் ஒரு துண்டாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டிப் பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலான ஒரு வழியும் உண்டு. பதினாறு அங்குலச் சட்டத்தில் எட்டங்குலப் படத்தை வைத்து, சுற்றிலும் அகலமான வெள்ளை மட்டையால் கரை கட்டுங்கள். சட்டம் பெரிதாதலால் சுவர் நிறையும். படம் சிறிதாதலால் முகம் கலங்காது. பெருமை அளவில் இல்லை என்பது படத்துக்கும் பொருந்தும்.

இறுதியாக, இளைஞர்க்கு ஒரு வார்த்தை. இன்று உங்கள் கைத்தொலைபேசி எடுக்கும் படம் பன்னிரண்டு மில்லியன் பிக்சலுக்கும் மேற்பட்டதாய் இருக்கக்கூடும். வீட்டிலுள்ள முதியவரை அடுத்த கிழமையே ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் இருத்தி, ஒரு படம் எடுத்து, சுருக்காமற் பத்திரப்படுத்துங்கள். ஒன்றைத் தாளில் அச்சிட்டு அவர் கையிலேயே கொடுங்கள். மாலை சூட்டுவதற்காக மட்டும் எடுப்பதன்று படம். அவர் தாமே பார்த்து மகிழ்வதற்கும் உரியது.