ஐ.பி. எண் வேண்டாம், பெயர் போதும்!

வீட்டிலேயே இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைத்து, போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டாபேஸ் பழகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாருடைய பாஸ்வேர்டையும் ஒரே இடத்தில் வைக்க எல்டாப் டைரக்டரி சர்வர் அமைக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் டேட்டாபேஸ் அந்த சர்வரை எப்படிக் கண்டுபிடிக்கும்? 'பிஜி_எச்பிஏ.கான்ஃப்' என்ற பைலைத் திறந்து, 'எல்டாப்சர்வர்' என்பதற்கு எதிரே 192.168.1.10 என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என நினைக்கிறோம். இது கூடாது என்பேன்.

ரூட்டரை மாற்றினாலோ, டைரக்டரியை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டு சென்றாலோ அந்த எண் மாறிவிடும். டேட்டாபேஸ் ஓடிக் கொண்டுதான் இருக்கும். ஆனால் யாரும் உள்ளே நுழைய முடியாது. திரையில் எல்டாப் சோதனை தோல்வி என்ற செய்தி மட்டும் வரும். பாஸ்வேர்டைத் தவறாகக் கொடுத்தாலும் இதே செய்திதான். உண்மைக் காரணம் டேட்டாபேஸ் சர்வரின் லாக் பைலில் இருக்கும்.

எண்ணுக்குப் பதிலாக சர்வரின் பெயரை எழுதுங்கள். இடைவெளி விட்டு இரண்டு பெயர்களையும் தரலாம். ஒன்று நின்றால் மற்றொன்று கை கொடுக்கும். 2019ல் வந்த பதிப்பு 12 முதல் இன்னும் நல்ல வழி உண்டு. 'எல்டாப்பேஸ்டிஎன்' மட்டும் கொடுத்து சர்வர் பெயரை விட்டுவிட்டால், டிஎன்எஸ்ஸில் உள்ள எஸ்ஆர்வி பதிவைப் பார்த்து டேட்டாபேஸே சர்வரைத் தேடிக் கொள்ளும். ஓபன்எல்டாப் சேர்த்துத் தயாரித்த பதிப்புகளில் மட்டுமே இது இயங்கும்.

சின்ன நெட்வொர்க்குக்கு இவ்வளவு தேவையா எனக் கேட்கலாம். டிஎன்எஸ்மாஸ்க் போன்ற இலவச புரோகிராமில் இந்தப் பதிவு ஒரே ஒரு வரி. இன்னொரு லாபமும் உண்டு. வழக்கமான 389 போர்ட்டில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமலே செல்கிறது. 'எல்டாப்டிஎல்எஸ்=1' என்று சேர்த்தால் அது மறைக்கப்படும். ஆனால் பாதுகாப்புச் சான்றிதழ் பெரும்பாலும் பெயருக்கே தரப்படுவதால், எண்ணை எழுதியவர்களுக்கு இங்கும் சிக்கல்தான்.

கடைசியாக ஒன்று. இந்த பைலில் பொருந்தும் முதல் வரியே செல்லும். அடுத்த வரிக்குப் போகாது. எனவே லினக்ஸ் பயன்படுத்துவோர், 'போஸ்ட்கிரெஸ்' பயனாளருக்கான 'பியர்' வரியை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். டைரக்டரி சர்வர் படுத்துவிட்டாலும் உங்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கும்.